இறங்கிப் பழகாத கால்கள்

பிப்ரவரி 9, திங்கள்

காலை 5.50. பனி. எதிர் வீடுகூடத் தெரியவில்லை. நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்களின் மஞ்சள் விளக்கு மட்டும்.

வெள்ளியங்கிரிக்கு இன்னும் முப்பத்து மூன்று நாள். ஏழு மலை.

வேண்டியவை: கம்பளிக் குல்லா. டார்ச், மாற்று பேட்டரி. உப்புக்கடலை. பிரஷர் மாத்திரை இரண்டு நாளுக்கு; பயத்துக்கு மூன்றாம் நாளுக்கும். கையுறை (தேவையா? எல்லப்பனிடம் கேட்க).

இருபத்தாறு ஆண்டு ஒரே தொழிற்சாலை, பக்கத்துப் பக்கத்து ஷெட். ஓய்வு பெற்ற பிறகும் எல்லப்பன் என்னை சார் என்றுதான் கூப்பிடுகிறார். இன்று போனில்: "இந்த வெள்ளிக்கெழம இல்ல, அடுத்த வெள்ளி வேன்காரன்கிட்ட பேரு குடுக்கணும். இந்த வாட்டி வர்றீங்கதானே சார்?"

வருகிறேன் என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

காரணம் உண்டு. இதற்கு முன் இரண்டு முறை அவரோடு கிளம்புவதாகச் சொல்லிக் கடைசி நாளில் விலகினேன். முதல் முறை ஆடிட் என்றேன். அடுத்த முறை காய்ச்சல். ஆடிட்டும் இல்லை, காய்ச்சலும் இல்லை. பயம். இரண்டு முறையும் தனியாகப் போய்வந்து திருநீறு கொடுத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏப்ரலில் ஓசூருக்கு, மகள் வீட்டோடு போகிறார். இனி இன்னொரு முறை கிடையாது.

பிப்ரவரி 11, புதன்

பயிற்சி சரியாகப் போகிறது. இந்தப் பக்கம் மேடு என்று ஒன்று இல்லை. இருப்பது நெடுஞ்சாலை நடைமேம்பாலம்தான். ஐம்பத்து நான்கு படி. திங்கள் 8 சுற்று, நேற்று 10, இன்று 12. படியில் ஏறி, லிஃப்டில் இறங்கி, மறுபடி படி. முட்டிக்கும் நல்லது, நேரமும் மிச்சம். லிஃப்ட் வைத்த புண்ணியவானுக்கு நன்றி.

ஷிப்ட் முடிந்து வந்த தெற்கத்திப் பையன்கள் இருவர்:

"ஏலே, தாத்தா மறுபடியும் ஏறுதாருல."

"ஏதாவது வேண்டுதலா இருக்கும்ல."

கமலா: "மலைக்குப் போறேன்னு பாலத்தச் சுத்தற மனுஷன இப்பதாங்க பாக்கறேன்." சொல்லிவிட்டுக் காலுக்கு வெந்நீர் வைத்தாள், கல்லுப்பு போட்டு. நாற்பது வருடமாக இப்படித்தான். நான் அவளிடம் நன்றி சொன்னதில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 12, வியாழன்

கேஸ் புக் செய்ய. பால் தாமதம். 14 சுற்று. மூச்சு நன்றாக இருக்கிறது. கொஞ்சம் கர்வம்கூட.

பிப்ரவரி 14, சனி

பாலத்தடியில் மல்லிகாவின் இட்லிக் கடை. இன்று கரண்டியும் கையுமாக நிறுத்திவிட்டாள்.

"சார், ஒரு வாரமா பாக்கறேன். ஏறிக்கினே கீறீங்க, எறங்கி வந்து பாக்கல. மேல இன்னா, வூடு கட்டிக்கினு கீறீங்களா?"

மலைப் பயிற்சி, லிஃப்ட், சுற்றுக்கணக்கு எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அந்த மலைல லிப்ட் கீதா சார்?"

தட்டோடு நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

உடனே போய்ப் படியில் இறங்கிப் பார்த்தேன். முதல் முறை சரி. இரண்டாவது, கைப்பிடி வேண்டியிருந்தது. மூன்றாவதில் பாதியில் வலது முட்டி பிடித்துக்கொண்டது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மல்லிகா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், சிரிக்கவில்லை.

நான் வேலை பார்த்தது அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில். எடையை ஏற்றும்போது ஒரு முறை, இறக்கும்போது ஒரு முறை, இரண்டு பக்கமும் பார்க்காமல் எந்தக் கருவிக்கும் கையெழுத்துப் போடாதே என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். என் கால்களுக்கு ஒரு பக்கம் மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 16, திங்கள்

டாக்டர். அறுபது தாண்டியவர்களிடம் வேன்காரர் சான்று கேட்கிறார். பிரஷர் சரி. இதயம் சரி. முட்டி தேய்மானம்.

"ஏறலாம். எறங்கறப்பதான் வலி. முடியலன்னா பாதியில திரும்பிடுங்க, வெக்கப்படாதீங்க." கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. முட்டியைச் சொல்லி விலகினால் இந்த முறை அது பொய்கூட இல்லை. உள்ளே ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் என்னைச் சுட்டது.

பிப்ரவரி 18, புதன்

வரவில்லை என்று சொல்லிவிட மணிமங்கலத்தில் எல்லப்பன் வீட்டுக்குப் போனேன். போனில் சொல்லத் தைரியமில்லை. நேரில் மட்டும் இருந்ததா என்ன.

எ. கூடத்தில் பையைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். முட்டியைச் சொன்னேன். பிறகு, ஏன் என்று தெரியவில்லை, பழைய ஆடிட்டும் காய்ச்சலும் பொய் என்பதையும் சொல்லிவிட்டேன்.

"தெரியும் சார்."

"எப்படி?"

"ஆடிட்டுன்னா ஒரு வாரம் முன்னாடியே தரைக்குப் பெயின்ட் அடிப்பானுங்க. அந்த மாசம் ஒருத்தன் பிரஷ்ஷத் தொடல."

"காய்ச்சல்?"

"காய்ச்சல்காரரு கேன்டீன்ல ரெண்டாவது வாட்டி பஜ்ஜி வாங்கினாராம். மலையிலேர்ந்து எறங்கி வந்தா, மொதல் சேதியே அதான்."

அவர் மனைவி உள்ளேயிருந்து சிரிக்கும் சத்தம். நான் தரையைப் பார்த்தேன். பிறகு ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டிருந்தா அப்புறம் என் மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டீங்க. இன்னொரு வாட்டி கூப்ட முடியாதுல்ல."

கடலைப் பொட்டலத்தை எடுத்துப் பைக்குள் வைத்தார். பிறகு அவரே: "ஏழாவது மலைய ரெண்டு வாட்டி பாத்தாச்சு. உங்க முட்டி எந்த மலைல நிக்குதோ அங்க உக்காந்து ரெண்டு பேரும் கடல துன்னுட்டு எறங்கலாம்."

எனக்காக நீங்கள் பாதியில் நிற்பது நியாயமில்லை என்று ஆரம்பித்தேன்.

"டீ ஆறுது சார்."

குடித்தேன். இந்த மனிதருக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். எதுவும் அகப்படவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. காலையில் பாலம்: படியில் ஏறி, படியிலேயே இறங்கி, 3 சுற்று. மெதுவாக. வலி உண்டு, பிடிப்பு இல்லை. கமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பொய்களையும் சேர்த்து. "அவருக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்" என்றாள்.

பத்தரைக்கு வேன்காரர் வீடு. எ. எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார். நோட்டை நீட்டினார்கள். பெயர், வயது, ரத்த வகை. படிக்கும்படிதான் எழுதியிருக்கிறேன். டாக்டர் சான்றை மடிப்பு நீவி உள்ளே வைத்தேன்.

வேன்காரர்: "பெரியவருக்குக் கதவாண்ட சீட் போடட்டா? காலு நீட்டிக்க வசதியா இருக்கும்."

எ.: "ஐயய்யோ, கதவாண்ட வேணாம். தாம்பரம் தாண்டறதுக்குள்ள எறங்கி ஓடிடுவாரு."

ஜன்னலோரம் எனக்கு. கதவுப் பக்கம் எ.