அத்தைக்கு ஒட்டிய படங்கள்

மார்ச் 4
அத்தை இன்றும் தம்ளரைத் தள்ளிவிட்டார். அவர் கேட்டது தண்ணீர் இல்லையாம், மூக்குக்கண்ணாடியாம். அது விளங்குவதற்குள் இருவருக்குமே கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கவாதத்தில் பேச்சு போனதிலிருந்து தினமும் இந்தக் கூத்துதான். ஒரே அதட்டலில் வகுப்பையே அடக்கிய டீச்சர் என் மாமியார்!

பேச்சுப் பயிற்சி தரும் பெண் வந்திருந்தார். “படத்தைத் தொட்டுக் காட்டப் பழக்குங்க. ஆனா உங்க வீட்டுத் தம்ளர், உங்க வீட்டு ஃபேனா இருக்கணும்” என்றார்.

மார்ச் 6
பின்பக்கம் பசையுள்ள போட்டோ பேப்பர் வாங்கி வந்தேன். முதல் தாளையே பிரிண்டரில் தலைகீழாக வைத்துவிட்டேன். பளபளப்பு இல்லாத பக்கத்தில் மை விழுந்து, காயவே இல்லை. விரலெல்லாம் நீலம். “கை நல்லா பிரிண்ட் ஆயிருக்கு. படம் எங்க?” என்கிறார் என் கணவர். கிண்டலுக்குக் குறைச்சலில்லை.

மார்ச் 7
இன்று வெற்றி! தம்ளர், கண்ணாடி, ஃபேன், மாத்திரை டப்பா, குளியலறைக் கதவு, தூக்கக் கலக்கத்தில் இவர், எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அச்சிட்டாயிற்று. மை காய்ந்ததும் வெட்டி, நகத்தால் பின்தாளின் ஓரத்தைக் கிளப்பி உரித்து, ஒரு பலகையில் ஒட்டினேன். என் படம் எதற்கு? நான்தான் எப்போதும் எதிரிலேயே நிற்கிறேனே.

மார்ச் 8
பலகையைப் பார்த்தார். கவிழ்த்து வைத்துவிட்டார். நான் என்ன பாலர் பள்ளிப் பிள்ளையா என்பதுபோல் ஒரு பார்வை. போங்க அத்தை, எனக்கு மட்டும் ஆசையா என்ன? அடுப்படியில் நின்று அழுதேன்.

மார்ச் 11
ஃபேன் படத்தைத் தொட்டார். ஓடிப்போய்ப் போட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மார்ச் 15
அத்தை தன் மகன் படத்தைத் தொட்டார். அடுத்து குளியலறைக் கதவைத் தொட்டார்.

“நான் குளிச்சாச்சும்மா!”

மறுபடியும் கதவை, இந்தத் தடவை ஓங்கி ஒரு தட்டு. இவர் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலி. அத்தைக்கும் வாயின் ஒரு பக்கம் சிரித்தது.

மார்ச் 19
எப்படி எழுதுவேன்?

மாலையில் அத்தை பலகை முழுக்க எதையோ தேடினார். காலியான மூலையைத் தட்டினார். பிறகு என்னைக் காட்டினார்.

“என்ன அத்தை? புதுசா என்ன வேணும்?”

“உன் படம் எங்கன்னு கேக்கறாங்க” என்றார் இவர்.

கலைந்த தலையோடு அப்படியே இவர் படமெடுத்தார். அச்சிட்டு, மை காயும் வரை பொறுத்து, பதற்றத்தில் ஒட்டினேன். அத்தை உற்றுப் பார்த்தார். புருவம் சுருங்கியது. உதடு ரொம்ப நேரம் துடித்தது.

“கோ… கோணல்.”

இவர் அம்மாவின் மடியில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுகிறார். நானோ, “எங்க அத்தை கோணல்? நேராத்தான இருக்கு!” என்று மல்லுக்கு நிற்கிறேன்.

மார்ச் 20
“எடுத்து நேரா ஒட்டிடட்டுமா?” என்று கேட்டார் இவர். தொடக் கூடாது என்றுவிட்டேன்.

காலையில் அத்தை பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இன்னும் கோணல்.”

இரண்டு வார்த்தை!