அம்மா பின்னிய கையுறை ஜோடி

அன்பு மகளுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே நான், அப்பா, ரேடியோ மூவரும் நலம். அங்கே நீயும் உன் பத்து விரல்களும் நலமா? விரல்களைத் தனியாக விசாரிக்கிறேன் என்று சிரிக்காதே, இப்போதெல்லாம் உன் முகத்துக்கு முன்னால் உன் விரல்கள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன. ரேடியோ என்று எழுத மாட்டேன் என்று உன் தங்கை முரண்டு பிடித்தாள், எழுதுடி என்றேன். காதில் விழுந்த ரகசியத்தைத் தெருமுனை வரை ஒலிபரப்பிவிட்டு வருகிறவளுக்கு நீ வேறு என்ன பெயர்தான் வைத்திருக்க முடியும்? நாளைக் காலை மேல்வீட்டு நர்ஸ் உன் ஊருக்கு விமானம் ஏறுகிறாள், வெளிச்சம் வருவதற்குள் வந்து பார்சலை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். வெறும் பார்சல் மட்டும் போனால் அது கடைச் சரக்கு, கூடவே கடிதமும் போனால்தான் வீட்டுச் சரக்கு. அதுதான் தினமும் போனில் பேசுகிறோமே என்கிறாள் இவள். போனில் பேசியது காதோடு போச்சு, காகிதத்தில் இருப்பதை வேண்டும்போது எடுத்துப் படிக்கலாம். என் கையில் ஊசி இருப்பதால் பேனாவை இவளிடம் கொடுத்திருக்கிறேன். இரண்டாவது கையுறையில் சுண்டுவிரல் மட்டும்தான் பாக்கி. அது முடிவதற்குள் கடிதம் முடிகிறதா பார்ப்போம்.

உன்னை மீன் ஆலையில் வெட்டும் மேசைக்கு மாற்றினார்கள் என்று கேட்டதும் அப்பா பேக்கரியில் எல்லோருக்கும் பன் கொடுத்தார், முதலாளி அந்தப் பக்கம் திரும்பிய நேரமாகப் பார்த்து. பெரியவள் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவள், இப்போது கத்தி பிடிக்கிறாள் என்று அவருக்கு அவ்வளவு பெருமை. ஆனால் நீ அதற்குப் பிறகு சொன்னதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. வலது கையில் கத்தி, ஐஸிலிருந்து எடுத்த மீனை அழுத்திப் பிடிப்பதெல்லாம் இடது கை. ரப்பர் உறைக்கு உள்ளே போடுகிற நூல் கையுறையில் இடதுதான் முள் குத்தி முள் குத்தி நைந்துபோகிறது, வலது எல்லாம் புதுக்கருக்கு அழியாமல் உன் டிராயரில், பெண் கிடைக்காத மாப்பிள்ளைகள் மாதிரி வரிசையாகப் படுத்திருக்கின்றன என்றாய். போனில் நானும் சேர்ந்து சிரித்தேன். வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. விரல் விறைத்தால் மீன் வழுக்கும், மீன் வழுக்கினால் கத்தி எங்கே போகும்? போதாக்குறைக்கு உன் மேற்பார்வையாளர், "இந்தக் குளிரு தாங்கலேன்னா சொல்லிடும்மா, மறுபடியும் பெட்டி தூக்கவே அனுப்பிடறேன்" என்றாராமே. கஷ்டப்பட்டு வாங்கிய மேசையை ஒரு குளிர்காலத்துக்காக விட்டுக்கொடுப்பதா? அன்றைக்கே நூல்கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

இதுவரை நான் மப்ளர் தவிர எதுவும் பின்னியதில்லை என்று உனக்குத் தெரியும். மப்ளர் என்பது நேரான சாலை. கையுறை ஐந்து சந்து பிரிகிற தெரு. ஆனாலும் சொல்கிறேன், இவ்வளவு குஷியாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. கடைக்காரர் முதலில் அக்ரிலிக் நூலை எடுத்துப் போட்டு, "பளபளன்னு இருக்கும்மா, மெஷின்ல போட்டு அலசினாலும் ஒண்ணும் ஆகாது" என்றார். பளபளப்பு மீனுக்கு இருக்கிறது, கைக்கு வேண்டாம் என்றேன். பருத்தி நூலைக் காட்டினார். லாண்டரி வேலையில் நாள் முழுக்க ஈரத்துணியோடு கிடக்கிற என்னிடமே பருத்தியா? பருத்தி தண்ணீரைக் குடித்துவிட்டு விரலைக் கடிக்கும். உல்லன் மட்டும்தான் ஈரமானாலும் சூட்டை முழுதாக விட்டுவிடாது. ஆனால் வெறும் உல்லன் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று நூலகத்திலிருந்து கொண்டுவந்த பின்னல் புத்தகத்தில் போட்டிருந்தது, அதனால் கொஞ்சம் நைலான் கலந்ததாகக் கேட்டேன். "அது சாக்ஸ் பின்ற நூலாச்சே" என்றார். காலுக்குக் கிடைக்கிற மரியாதை கைக்கும் கிடைக்கட்டும் என்றேன். அரிக்குமா என்று பார்க்க நூலைக் கழுத்தில் தேய்த்துப் பார்த்தேன், நான் மாலை போட்டுக்கொள்கிறேன் என்று நினைத்துக் கடைப்பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். சாம்பல் நிறம் எடுத்தேன், மணிக்கட்டுக்கு மட்டும் நீலம், மற்றவர்களுடையதோடு கலந்துவிடக் கூடாது பார்.

முதலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னி, ஒரு அங்குலத்தில் எத்தனை கண்ணி, அதாவது நூல் வளையம், வருகிறது என்று எண்ணிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று புத்தகம் தலைபாடாக அடித்துக்கொள்கிறது. எனக்கு எங்கே பொறுமை? நேராகவே ஆரம்பித்துவிட்டேன். என் கை தளர்வான கை போலிருக்கிறது, கண்ணியெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு வந்தது. அப்பா எடுத்து மாட்டிப் பார்த்துவிட்டு, "கையுறையா இது? மாவு மூட்டைக்கு உறை போட்டா சரியா இருக்கும்" என்றார். அது இப்போது டீக் கெட்டிலின் மேல் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறது, டீயும் சூடு ஆறுவதில்லை. பிறகு மெல்லிய ஊசி வாங்கி, மாதிரித் துண்டு பின்னி, எண்ணி, ஒழுங்காக ஆரம்பித்தேன். குழாய் மாதிரிப் பின்ன வேண்டும் என்பதால் இரண்டு முனையும் கூரான குட்டை ஊசிகள் நான்கு, கையில் பிடித்தால் முள்ளம்பன்றிக் குட்டியைத் தூக்கி வைத்திருப்பது போல இருக்கும். மணிக்கட்டில் இரண்டு கண்ணி நேராக, இரண்டு கண்ணி மாற்றி, அப்படியே சுற்றிக்கொண்டு போனால் ரப்பர் பட்டை மாதிரி இழுத்துப் பிடிக்கும், காற்று நுழையாது. விரலும் விரலும் பிரிகிற இடத்தில் ஓட்டை விழுவதுதான் எல்லோருக்கும் வருகிற தலைவலியாம், அங்கே அடுத்த விரலின் ஓரத்திலிருந்து இரண்டு கண்ணியைக் கூடுதலாக எடுத்து மூடிவிட்டேன், நீ வெளிச்சத்தில் பிடித்துப் பார், ஊசி முனைகூட நுழையாது. புறங்கையில் ஒரு முறுக்குக் கோலம் போட்டிருக்கிறேன். இரண்டு கண்ணியைத் தனி ஊசியில் காத்திருக்க வைத்துவிட்டு, அடுத்த இரண்டை முதலில் பின்னி, பிறகு காத்திருந்தவற்றைப் பின்னினால் கயிறு முறுக்கினது போல வந்துவிடுகிறது, முதல் முறுக்கு விழுந்தபோது நான் போட்ட கூச்சலில் அப்பா எதையோ கொட்டிவிட்டேன் என்று ஓடி வந்தார். ரப்பருக்குள்ளே போடுவதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்கிறாள் உன் தங்கை. நீ பார்ப்பாய் அல்லவா, அது போதும். புத்தகத்தை வரிவரியாகப் படித்துக் காட்டுகிற வேலை இவளுடையது, கண்ணியிலிருந்து கண்ணை எடுத்தால் எனக்கு எண்ணிக்கை விட்டுப்போகும். பள்ளிக்கூடப் பாடத்தைக்கூட இவள் இவ்வளவு சத்தமாகப் படித்ததில்லை.

ஒன்று மட்டும். பார்சலைப் பிரித்ததும் நீ சிரிப்பாய். சிரித்துவிட்டு, கொஞ்சம் யோசி. என்ன என்று இவள் கேட்கிறாள், நீ எழுதுடி என்கிறேன். இதோ சுண்டுவிரலும் முடிந்தது, நூலை அறுத்து உள்ளே சொருகியாயிற்று. கண் சொக்குகிறது, கடிதத்தின் முடிவைக் காலையில் சொல்கிறேன்.

அக்கா, இனி நான். அம்மா தூங்கிவிட்டாள், அப்பா விடியுமுன் பேக்கரிக்குப் போகவேண்டியவர், அவரும் தூங்கிவிட்டார். நான் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெரிய தப்பு நடந்துவிட்டது. அம்மா முடித்த கையோடு கையுறையைத் துணியில் சுற்றி, "தொடாதே, அழுக்காயிடும்" என்று பெட்டியில் வைத்துவிட்டாள். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. இத்தனை நாள் வரிவரியாகப் படித்துக் காட்டியிருக்கிறேன், ஒரு தடவை மாட்டிப் பார்க்கக்கூடக் கூடாதா என்று தோன்றியது. எடுத்தேன். ஒன்றை இடது கையில் போட்டேன், அவ்வளவு இதம் அக்கா, விரல்களை யாரோ தனித்தனியாகக் கட்டிக்கொண்டது போல. இன்னொன்றை வலது கையில் போட்டேன். கட்டைவிரல் நுழையவே இல்லை. திருகித் திணித்தால், முறுக்குக் கோலம் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. இரண்டையும் மேசையில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கட்டைவிரலும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கின்றன, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி. இரண்டும் இடது கை.

உடனே புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் இடது கைக்கு, அதைத் திருப்பினால் வலது கைக்கு. இரண்டாவது கையுறையில் கட்டைவிரல் பிரிகிற இடம் வந்தபோது நான் தண்ணீர் குடிக்கப் போனது நினைவிருக்கிறது. திரும்பி வந்து புத்தகம் விரிந்து கிடந்த இடத்திலிருந்து படித்தேன். பழைய பக்கத்தையே மறுபடி படித்திருக்கிறேன் அக்கா! அம்மா கண்ணை மூடிக்கொண்டு நம்பிப் பின்னியிருக்கிறாள். இப்போது எழுப்பிச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படியே பிரித்து நூலைச் சுருட்டிவிடுவாள், தப்பான கண்ணியோடு அவளுக்குத் தூக்கம் வராது. நர்ஸ் அக்கா வெறுங்கையோடு போவாள். இனி அந்தப் பக்கம் போகிறவர்கள் யார் இருக்கிறார்கள்? குளிரே முடிந்துவிடும், நீ மறுபடி பெட்டி தூக்கப் போய்விடுவாய், எல்லாம் நான் குடித்த ஒரு டம்ளர் தண்ணீரால். நடுவில் அப்பா எழுந்து வந்து, "என்ன ரேடியோ, நிலையம் இன்னும் மூடலையா?" என்றார். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்றேன். கையில் சாம்பல் நிறக் கையுறையோடா என்று கேட்கவில்லை, நல்லவேளை, அவருக்கு அரைத்தூக்கம்.

என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா சொல்லி நான் எழுதிய இந்தக் கடிதத்தையே எடுத்துப் படித்தேன். படித்துக்கொண்டே வந்தபோது ஒரு இடத்தில் துள்ளிக் குதித்துவிட்டேன், முழங்கால் மேசையில் இடித்து இன்னும் வலிக்கிறது. டிராயர்! அக்கா, உன் டிராயர்! நைந்துபோவது இடது கைதானே? உன்னிடம் இல்லாததும் இடது கைதானே? வலது கைக்குத்தான் உன்னிடம் புத்தம்புதுசு அடுக்கி வைத்திருக்கிறதே! சரியாக ஒரு ஜோடி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இடது நைந்ததும் அம்மாவின் வலது கையுறையும் போய் அந்த வரிசையில் படுத்திருக்கும். இப்போதோ, ஒன்று ஈரமானால் காயப்போட்டுவிட்டு இன்னொன்றைப் போட்டுக்கொள்ளலாம். தப்பு நடந்ததுதான், ஆனால் சரியான பக்கமாகப் பார்த்து நடந்திருக்கிறது! நினைக்க நினைக்க எனக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வருகிறது. அதனால் எப்படி இருந்தனவோ அப்படியே துணியில் சுற்றிவைத்துவிட்டேன். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அம்மா போன் செய்யும்போது இரண்டும் கச்சிதமாக இருக்கிறது என்று சொல். அது பொய் இல்லை, இடது கையில் இரண்டும் கச்சிதம்தான். வேறு எதுவும் சொல்லிவிடாதே, அம்மா அந்த முறுக்குக் கோலத்தை அவ்வளவு ஆசையாகப் போட்டாள், இரண்டாவது தப்பாகப் போய்விட்டது என்று தெரிந்தால் ஊசியையே தொடமாட்டாள். இந்தப் பக்கத்தை மட்டும் தனியாக மடித்து அடியில் வைக்கிறேன், அம்மா காலையில் முடிவு சொல்லும்போது மேலே இருக்கும் பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன். ஒரு தடவையாவது நான் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றிக் காட்டுகிறேன் பார். கண் எரிகிறது, பெட்டியை ஒட்டிவிட்டுத்தான் படுக்க

பெரியவளே, அம்மா எழுதுகிறேன், என் கோழிக்கிறுக்கலைப் பொறுத்துக்கொள். உன் தங்கை பெட்டியை ஒட்டவும் இல்லை, எதையும் மடிக்கவும் இல்லை. பேனாவைப் பிடித்தபடியே கடிதத்தின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், கன்னத்தில் பாதி வரி அச்சாகிவிட்டது. தலையைத் தூக்கித் தலையணை வைத்துவிட்டு முழுக்கப் படித்தேன். பாவம், எவ்வளவு பயந்திருக்கிறாள்! இவள் சரியாகத்தான் படித்தாள். இவள் தண்ணீர் குடிக்கப் போனபோது புத்தகத்தை வேண்டுமென்றே இடது கைப் பக்கத்துக்குத் திருப்பி வைத்தது நான். முன்னாலேயே சொல்லியிருந்தால் அடுத்த நிமிஷம் உனக்குப் போன் போட்டு உளறியிருப்பாள், நீ பிரித்துப் பார்த்து விழிக்கிற அழகு போயிருக்கும். அப்படியும் என்ன ஆச்சு பார், கடிதத்திலேயே ஒலிபரப்பிவிட்டாள். எழுந்ததும் நான் எதுவும் சொல்லப் போவதில்லை, தனியாக எழுதுகிற இந்தத் தாளைக் கையுறைக்குள் சொருகிவிடுகிறேன், அந்தப் பக்கத்தை அவளே ஒளித்து வைக்கட்டும், ஒரு ரகசியத்தைக் காப்பாற்றிய சந்தோஷம் இவளுக்கும் இருக்கட்டும். நீயும் போனில் கச்சிதம் என்றே சொல். மாடிப்படியில் நர்ஸின் செருப்புச் சத்தம் கேட்கிறது. வெந்நீரில் மட்டும் அலசிவிடாதே, போன மாதம் லாண்டரியில் ஒருவருடைய உல்லன் ஸ்வெட்டர் வெந்நீரில் விழுந்து பொம்மைக்குப் போடுகிற அளவுக்குச் சுருங்கிவிட்டது. பச்சைத் தண்ணீரில் அலசி, முறுக்காமல், துண்டில் வைத்து அழுத்திக் காயப்போடு. நேரத்துக்குச் சாப்பிடு, கத்தி பிடிக்கும்போது கதை பேசாதே. பிடித்த மேசையை விடாமல் பிடித்து, நீ நினைத்ததெல்லாம் கை கூடி, நூறு வருஷம் நன்றாக இரு. உன் டிராயரில் காத்துக்கொண்டிருக்கிற மாப்பிள்ளைகளுக்கு இரண்டு பெண்களை அனுப்பியிருக்கிறேன், நல்லபடியாகச் சேர்த்து வை.

இப்படிக்கு, உன் விரல்களையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா