நைரெலிஸ் இன்று சும்மா வந்தாள்

அரிமா, டிரினிடாட், மார்ச் 4

அன்புள்ள ஷிவானா மிஸ்,

வாரம் ஒரு கடிதம் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். வெனிசுவேலாவிலிருந்து வந்து எட்டு மாதம். டபுள்ஸ் கடையில் பொரித்த ரொட்டிமேல் கொண்டைக்கடலை அள்ளிவைக்கும் வேலை. "காரம் கொஞ்சமா, நிறையவா?" என்று கேட்பேன். அதற்கு மேல் யாராவது பேசினால் சிரிப்பேன். "இவ சிரிச்சே கடைய ஓட்டிடுவா" என்கிறார் முதலாளி. வீட்டுக்காரரிடமும் ஆஸ்பத்திரியிலும் என் மகள் நைரெலிஸ்தான் பேசுவாள். வயது பத்து.

உங்கள் மாணவி,
யுஸ்மாரி

மார்ச் 6

அன்புள்ள யுஸ்மாரி அக்கா,

கடிதம் நன்றாக இருக்கிறது. சிரிப்பை விட்டுவிடாதீர்கள். ஆஸ்பத்திரி என்று எழுதியிருக்கிறீர்களே, உடம்புக்கு என்ன? வரும் செவ்வாய் வகுப்பில் ஆஸ்பத்திரிப் பேச்சுப் பயிற்சி, நான்தான் டாக்டர். "ஊசி மட்டும் வேணாம் மிஸ்" என்று இப்போதே உங்கள் வகுப்பு ரமோன் கெஞ்சுகிறார்.

அன்புடன்,
ஷிவானா

மார்ச் 19

அன்புள்ள மிஸ்,

இந்த ஒன்றை மட்டும் ஸ்பானிஷில் எழுதுகிறேன். நேற்று டாக்டர் நைரெலிஸைப் பார்த்து ஆங்கிலத்தில், "அம்மா வயித்துல இருக்கிற கட்டி பெருசாயிடுச்சு. இந்த மாசமே ஆபரேஷன் பண்ணணும். தள்ளிப்போட்டா ஆபத்து" என்றார். வகுப்பில் நீங்கள் டாக்டராகப் பேசிய அதே வார்த்தைகள். எனக்குப் புரிந்துவிட்டது. அவளோ என் பக்கம் திரும்பி, "ஒண்ணுமில்லையாம், அம்மா. காரத்தக் குறைக்கச் சொல்றார்" என்றாள். டாக்டரிடம், "அம்மா யோசிச்சுச் சொல்றாங்களாம்."

நான் சிரித்தேன், கடையில் சிரிப்பதுபோலவே. வீட்டில் மிளகாய்ப் பாட்டிலை ஒளித்துவைத்திருக்கிறாள். குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். புரிந்தது என்று சொன்னால் குழந்தை கூசிப்போவாள். சொல்லாமல் எத்தனை நாள் தள்ளுவது?

யுஸ்மாரி

மார்ச் 20

அன்புள்ள அக்கா,

என் ஸ்பானிஷில் பிழை இருந்தால் இம்முறை நீங்கள் திருத்துங்கள். 'நான் கூட வரட்டுமா' என்று எழுதி அடித்துவிட்டேன். நான் வந்தால், நைரெலிஸ் இடத்தில் இன்னொருத்தி பேசுவதாகிவிடும், அவ்வளவுதான். டாக்டரிடம் நீங்களே பேசுங்கள். அவளைத் திட்டாதீர்கள். செவ்வாய்க்கிழமை அரைமணி முன்னால் வாருங்கள், ஒத்திகை பார்ப்போம்.

ஷிவானா

மார்ச் 27

அன்புள்ள மிஸ்,

டாக்டர் வழக்கம்போல் நைரெலிஸைப் பார்த்தார். "என்கிட்ட சொல்லுங்க டாக்டர். இவ இன்னைக்குச் சும்மா கூட வந்திருக்கா" என்றேன். ஒத்திகையில் திக்கிய இடத்திலேயே திக்கினேன். அவர் மெதுவாகச் சொன்னார். திங்கள்கிழமை ஆபரேஷன். பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறதாம். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும், "உனக்கு அன்னைக்கே புரிஞ்சுதா?" என்றாள் நைரெலிஸ்.

"புரிஞ்சுது."

"அப்புறம் ஏன் காரமில்லாமச் சாப்பிட்டே?"

"நீ சொன்னியே."

என் கையில் அடித்தாள். அழுதாள். பிறகு மாங்காய் வேண்டும் என்றாள், காரம் போட்டு.

இந்தக் கடிதத்தைத் திருத்தி வையுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் அவள் காலை ஆட்டிக்கொண்டு மாங்காய் தின்கிறாள். இப்போதுதான் ரத்தப் பரிசோதனைக்கு நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டாள். நைரெலிஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

யுஸ்மாரி