பங்காளி வந்த ஞாயிறு

23 டிசம்பர் 1995, சனி. காலை

குளிர். பாலக்காட்டுப் பக்கத்துக் காற்று, ஜன்னல் இடுக்கெல்லாம் விசில். ஐந்து மணிக்கே கோயில் ஒலிபெருக்கி. லேத் பட்டறைக்குத் திங்கள் வரை லீவு. மூன்று நாள் வீட்டில்.

வேலைகள்:
– மண்ணெண்ணெய்
– ராகி அரைக்க வேண்டும்
– தங்கை ஜெயாவுக்குக் கணக்கு மாதிரி வினாத்தாள்
– சைக்கிள் பிரேக் கட்டை
– பரணில் உள்ள டிரங்குப் பெட்டியிலிருந்து கம்பளி. அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை.

கடைசி வேலையை முதலில் செய்தேன். கம்பளிக்கு அடியில் பழைய வேட்டி சுற்றி பைபிள். அதற்கும் அடியில் அப்பாவின் பாக்கெட் நோட்டு. மில் கணக்கு ஏதோ என்று பிரித்தேன். இல்லை. பென்சிலில், பள்ளிக்கூடப் பையன் எழுத்தில்:

கூட்டம் (பெயரை நான் இங்கே எழுத மாட்டேன்). குலதெய்வம் இன்னது. காணிக்கோயில் எந்த ஊர், ஆற்றுக்கு எந்தக் கரை. பூசை எந்த மாதம், எந்தக் கிழமை. கிடாய் உண்டு. ‘பொண்ணு குடுக்கல் வாங்கல் இல்லாத கூட்டம் – 2.’ ‘கேட்டால்: அப்பா காலத்திலேயே பூமி போச்சு, பங்காளிகளோடு பேச்சில்லை.’ அதற்குக் கீழே இரண்டு கோடு.

இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம். அதற்கு முன் ஏழு வீடு பார்த்தோம். ஏழிலும் முதலில் குடிக்கத் தண்ணீர், அப்புறம் ஊர் எது, அப்புறம் என்ன கூட்டமுங்க, அதாவது கவுண்டரில் எந்தக் குலம். அப்புறம், ‘எங்க சொந்தத்துலயே ஒருத்தரு கேக்கறாங்களாமுங்க, தப்பா நெனைக்காதீங்க’. ஒருத்தர்கூடத் திட்டவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ‘ங்க’ வைத்துத்தான் வாசலைக் காட்டினார்கள்.

எட்டாவது வீட்டில் வீட்டுக்காரம்மா (இனி வீ.அ.) கேட்டதும் அப்பா பட்டென்று சொல்லிவிட்டார். கோபிப் பக்கம் எந்தக் கவுண்டர் தோட்டத்தில் தாத்தா ஆயுசு முழுக்கப் பண்ணையத்தில் கிடந்தாரோ, அப்பா பத்து வயதில் எருமை மேய்த்தாரோ, அந்தக் கவுண்டரின் கூட்டத்தை. பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

வாயில் வந்த பொய் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மனிதர் படித்திருக்கிறார். ஐம்பத்திரண்டு வயதில், பெருந்துறை மில்லில் வாட்ச்மேன் கூண்டுக்குள் உட்கார்ந்து.

எட்டு மாதத்தில் விட்டவை: ஞாயிறு ஆராதனை (அம்மா மட்டும் மாதம் ஒருமுறை, ‘உக்கடத்துல தங்கச்சி ஊட்டுக்குப் போறேனுங்க’ என்று), மாட்டுக்கறி, அந்தத் தங்கச்சி இங்கே வருவது. சேர்த்தது: அம்மா நெற்றியில் குங்குமம்.

நோட்டை இருந்த இடத்தில் வைத்தேன்.

சனி, மதியம்

வீ.அ. முன்வீட்டிலிருந்து தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சாதம் கொண்டுவந்தார். மேலே நெய். நல்ல பெண்பிள்ளைதான், அதுதான் எரிச்சல். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் கஞ்சி வைத்துத் தந்தவர். உட்கார்ந்தார். உட்கார்ந்தால் விஷயம் இருக்கிறது.

“ஏனுங்க அம்மிணி, எங்கண்ணன் நாளைக்கு அவிநாசியில இருந்து வாராருங்க. பையன் தறி சாமான் யேவாரம். ஒரே பையன். பாப்பாவப் பத்தி நாந்தான் சொல்லி வெச்சேன். உங்க கூட்டத்துக்கும் எங்களுக்கும் மொறை வருதுங்க. சும்மா வந்து பாத்துப்போட்டுப் போகட்டும். கண்ணாலத்த அவ பரீட்சையெல்லாம் முடிஞ்சு பாத்துக்கலாம்.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தூக்குப்போசியைப் பார்த்தார். “ஆகட்டுங்க” என்றார். எதற்கும் ஆகட்டுங்க. ஐம்பது வருடப் பழக்கம்.

வீ.அ. போனதும் சண்டை. நானே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லிவிட்டு எங்கே போவது என்றார் அம்மா. உக்கடத்தில் சின்னம்மா வீடு ஒற்றை அறை, ஆறு பேர். மார்ச்சில் ஜெயாவுக்கு பிளஸ் டூ பரீட்சை. பள்ளிக்கூடம் இங்கிருந்து பத்து நிமிடம். காலை ஆறு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ், மாலை ஏழுவரை இன்னொன்று. இன்ஜினியரிங் சீட் நிச்சயம் என்று கணக்கு வாத்தியார் சொல்லியிருக்கிறார். எங்கள் வம்சத்தில் பத்தாவது தாண்டியதே நானும் அவளும்தான். நான் ஐ.டி.ஐ.யோடு நின்றேன்.

ஜெயா மூலையில் தொகையீடு போட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணப் பேச்சு தனக்கில்லை, பக்கத்து வீட்டுக்காரிக்கு என்பதுபோல. நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டதற்கு, சத்தம் போடாமல் சண்டை போடுங்கள் என்றாள்.

சனி, மாலை

மண்ணெண்ணெய் வரிசை. முன்னால் இரண்டு அம்மாக்கள், வீடு வாடகைக்கு விடுவது பற்றி. “நல்ல சனமாப் பாத்து உடோணும்.” “எங்கீங்க பாக்கறது? மனுசன வெண்டக்காயாட்ட ஒடிச்சா பாக்க முடியுது?” இருவரும் சிரித்தார்கள். அவர்கள் முறை வந்தபோது, வெண்டைக்காய் சொன்ன அதே அம்மா வழிவிட்டு நின்று, “நீ மொதல்ல வாங்கிக்க கண்ணு” என்றார்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து பெருந்துறைக்குப் பேசினேன். வாட்ச்மேன் கூண்டில் அப்பா. சொன்னேன்.  பிறகு, பெண் ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் என்று சொல்லிக்கொள்ளலாம், நான் வந்து பேசுகிறேன் என்றார். ஞானஸ்நானம் வாங்கிய பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம். பூத்துக்காரர் முன்னாலேயே சிரித்துவிட்டேன். பில்லைக் கிழித்தவர் நல்ல செய்தியா என்று கேட்டார்.

வினாத்தாள் கிடைத்தது. ராகி அரைக்கவில்லை, மில்லில் கரண்ட் இல்லை. பிரேக் கட்டை மறந்தேன்.

24 டிசம்பர், ஞாயிறு

இதை எழுதும்போது மணி நான்கு. வரிசையாக எழுதிவிட வேண்டும்.

அப்பா ஒன்பது மணி பஸ்ஸுக்கே வந்துவிட்டார். சவரம், இஸ்திரி வேட்டி, தோளில் புதுத் துண்டு. வீ.அ. மூன்று பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தனுப்பினார். அப்பா நடுநாற்காலியில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுப் பார்த்தார். இறக்கினார். மறுபடி போட்டார். நான் பார்ப்பதைப் பார்த்ததும் பேப்பர் எடுத்துக்கொண்டார்.

ஜெயாவுக்கு அம்மா பூ வைத்தார். அவள் ஒரு கையில் வினாத்தாள்.

பதினொன்றரைக்கு வந்தார்கள். வீ.அ., அவர் அண்ணன், அண்ணனின் மனைவி. பின்னால் நாலாவதாக ஒருவர், வயது முப்பத்தைந்து இருக்கும், வெள்ளைச் சட்டை, தங்க வாட்ச். வீ.அ. முகமெல்லாம் பூரிப்பு. “நம்ம பக்கமே பேசிட்டிருந்தா நல்லா இருக்காதுன்னு எங்கண்ணன் உங்க பங்காளி ஒருத்தரையும் கூட்டியாந்துட்டாருங்க. கோபியில தேங்கா மண்டி. உங்க கூட்டம், அதே காணிக்கோயிலுதானுங்க. பேச்சு உட்டுப் போன பங்காளிய நாங்க சேத்தி வெக்கறோம் பாருங்க.”

பெண்ணுக்கும் அவள் தரப்பில் ஒரு ஆள் இருக்கட்டும் என்று செய்த மரியாதை. நோட்டில் இருந்த கடைசி வரி இப்படித் திரும்பி வந்தது.

நான் அடுக்களை வாசலில் காபித் தட்டோடு நின்றேன். எனக்கு அவரைத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்தது. பண்ணையத்துக் கவுண்டரின் கடைசி மகன், அச்சு அசல் கவுண்டர் முகமாம்.

அவருக்கு அப்பாவை அடையாளம் தெரியவில்லை. இதை அழுத்தி எழுதுகிறேன். சுத்தமாகத் தெரியவில்லை. அப்பா ஊரைவிட்டு வந்தபோது அவருக்கு எட்டோ ஒன்பதோ வயது. சிரித்துக்கொண்டே வந்தார். கைகொடுக்க வலது கையை நீட்டினார். அப்பா அந்தக் கையைப் பிடித்திருந்தால் போதும். ‘வாங்க பங்காளி.’ இரண்டே வார்த்தை.

அப்பா எழுந்தார். தோளில் இருந்த துண்டு கக்கத்துக்குப் போயிற்று. முதுகு வளைந்தது. நாற்காலியைவிட்டு இரண்டடி தள்ளி, சுவரோரம் போய் நின்றார்.

“வாங்க சாமி.”

 நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகுதான் அவர் அப்பாவின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“ஏப்பா, நீ மாரான் பையனா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்போதும் சொல்லியிருக்கலாம். “ஆமாங்க சாமி” என்றார் அப்பா.

“மாரான் இருக்கானா?” தாத்தா செத்துப் பன்னிரண்டு வருடம். இருந்தால் எண்பது வயது. இருக்கானாம். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, நிஜமான அக்கறையில்தான் கேட்டார். அதற்கும் அப்பா பதில் சொன்னார், குனிந்தபடி.

அண்ணனின் மனைவி முதலில் எழுந்தார், பிறகு அண்ணன். என் தட்டில் ஐந்து டம்ளர். ஒன்றும் குறையவில்லை. மண்டிக்காரர் மட்டும் போகிற போக்கில் என்னிடம், “எனக்கு ஒண்ணுமே தெரியாதுப்பா, சும்மா வாங்கன்னாங்க, வந்தேன்” என்றார். மன்னிப்பு கேட்பதுபோல இருந்தது. நான் தலையாட்டினேன். அதற்காக இப்போதுவரை என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

வீ.அ. கடைசியாக, நிலைப்படியில் நின்று, “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க” என்றார். கண்ணில் தண்ணீர். ஏமாந்தவரின் கண்ணீர், நிஜமானது. சொல்லியிருந்தால் வீடு கொடுத்திருப்பீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இரண்டு மணிக்கு வேலைக்காரியிடம் சொல்லியனுப்பினார்: தை பிறப்பதற்குள் காலி செய்துகொள்ளட்டும்.

அப்பா சாப்பிடவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தார், நாற்காலி மூன்றும் காலியாக இருக்க. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கத்தினேன். நிமிர்ந்தே பார்க்கவில்லை. “நான் ஒண்ணும் நெனைக்கல கண்ணு. ஒடம்பு எந்திரிச்சுருச்சு.”

 ஆறு மணி ஷிப்ட் என்று மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

25 டிசம்பர், திங்கள்

கிறிஸ்துமஸ். மேகம், லேசான தூறல். அம்மா காலை ஆராதனைக்குப் போனார். நெற்றி வெறுமனே, பைபிளைக் கையில் வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு. வந்து, மிச்சமிருந்த ராகி மாவில் களி. கேக் இல்லை.

காலை முழுக்க வீ.அ.விடம் பேச வேண்டியதைத் தயார் செய்தேன். தாத்தா, எருமை, ஏழு வீடு, சட்டம், எல்லாம். சவரம் செய்துகொண்டே சொல்லிப் பார்த்தேன். நன்றாக வந்தது. இரண்டு இடத்தில் கன்னத்தை வெட்டிக்கொண்டேன்.

ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால் முன்வீட்டு வாசலில் ஜெயா. தனியாக. கையில் பரீட்சை அட்டவணை. நான் தண்ணீர்த் தொட்டி மறைவில் நின்றுவிட்டேன்.

“மார்ச் கடைசி வரைக்கும் பரீட்சைங்க. ஏப்ரல் ஒண்ணாந்தேதி போயிருவோம். அதுவரைக்கும் இருந்துக்கறோம்.”

வீ.அ. அட்டவணையை வாங்கிப் பார்த்தார். பிறகு கேட்டது வேறு ஏதோ. “அந்தக் கோயிலப் பத்தி உங்கப்பா அத்தன வெவரம் சொன்னாரே. எல்லாமே பொய்யா?”

“எல்லாம் நெசந்தானுங்க. வெளிய நின்னு பாத்தது.”

 கடைசியில், இருந்துகொள்ளட்டும் என்றார். ஆனால் முன்கேட் வேண்டாம். அண்ணன் வந்து போகிற வீடு. பின்னால் சந்து இருக்கிறது, அதில் போய் வரட்டும். மொட்டைமாடியில் துணி காயப்போட வேண்டாம். ஜெயா சரிங்க என்றாள்.

திரும்பி வந்தவளைப் பிடித்துக்கொண்டேன். இது என்னவென்று தெரிகிறதா, எதற்கு ஒப்புக்கொண்டாய், உக்கடத்துக்கே போய்விடலாம், அந்தச் சந்தில் நீ போகக் கூடாது. இன்னும் நிறைய. என்னிடம்தான் பேச்சு தயாராக இருந்ததே.

கேட்டு முடித்துவிட்டு, “கம்முனு இரு அண்ணா” என்றாள். “நேத்துத் தட்டத் தூக்கிட்டு நின்னயே, அப்பப் பேசியிருக்கோணும். சந்துல சீமை முள்ளு ஆளுயரத்துக்கு நிக்குது. நாளைக்கு ஆறு மணிக்கு எனக்குக் கிளாஸ்.” உட்கார்ந்து கணக்கு நோட்டை எடுத்தாள்.

வீ.அ.விடம் அரிவாள் கேட்டேன். கொண்டுவந்து மதில்மேல் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். எடுத்துக்கொண்டேன்.

ஒரு மணியிலிருந்து மூன்றரை வரை. முள், சாக்கடைக் கல், உடைந்த ஓடு, செத்த பெருச்சாளி ஒன்று. முழங்கை வரை கீறல். இப்போது ஒரு ஆள் போகலாம். புத்தகப் பையோடு என்றால் பக்கவாட்டில்.