தூரம் சொல்லத் தெரிந்த விருந்தாளி

வடக்கு ஜார்ஜியா, 1864 ஏப்ரல்

அன்பு மகன் லெமுவேலுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், நீயும் வடக்குப் படை யாங்கிகளின் குண்டுக்கு அகப்படாமல் நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். உன் மனைவி துருசில்லா உடம்பு தேறிவிட்டாள், நீ இன்னும் பார்க்காத உன் மகள் தவழ ஆரம்பித்து அடுப்புச் சாம்பலை அள்ளித் தின்கிறாள், மூக்கு அப்படியே உன் மூக்கு. உப்புக்குத்தான் திண்டாட்டம், கறி புகைபோடும் கொட்டகையில் உப்பு ஊறிய மண்ணைத் தோண்டிக் காய்ச்சி எடுக்கிறோம். அடிமைகளை வைத்து வேலை வாங்கும் ஆற்றங்கரைப் பண்ணைக்காரரின் மகனுக்குச் பட்டாளத்துக்குப் போகாமலிருக்கச் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது, வீட்டில் சொகுசாக இருக்கிறான், நம் ஆசாவுக்கோ பதினெட்டு முடிந்த கையோடு ஆள்பிடிக்கிறவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். உன் தம்பியை மறைத்துவிட்டேன் என்று போன கடிதத்தில் எழுதினேன், இடத்தை எழுதவில்லை. நீ ஊகித்திருப்பாய், சின்ன வயதில் நீங்கள் இருவரும் கண்டுபிடித்து எனக்கு மட்டும் காட்டிய ஓடைக்கரைப் பாறைக்குகைதான். துருசில்லாவுக்குக்கூட அது தெரியாது.

போன வாரம் ஒபதியா பிளெட்சோ என்று ஒருவன் உன் பட்டாளத்துக்காரன் என்று சொல்லிக்கொண்டு வந்தான். சீருடையைப் பார்த்து நம்புகிற காலமா இது, செத்தவன் மேலிருந்து உருவி மாட்டிக்கொண்டு ஆள்பிடிக்கிறவனும் வருகிறான். வறுத்த சர்க்கரைவள்ளிக்கிழங்குக் காப்பியும் சோளரொட்டியும் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். குறிபார்த்துச் சுடும் உங்கள் பட்டாளத்தில் முதலில் தூரம் கணிக்கத்தான் பழக்குவார்களென்று நீ கடைசியாக வந்தபோது கண்ணில் பட்ட மரத்துக்கெல்லாம் கெஜக்கணக்குச் சொல்லி என் உயிரை வாங்கினாயே, அது நினைவுக்கு வந்தது. வேலியோரம் மேயும் மாட்டைக் காட்டி, அது எவ்வளவு தூரம் இருக்கும் தம்பி என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்து, ‘கொம்பு தெரியுது, கண்ணு தெரியல. இறக்கம் வேற, அதனால கிட்ட இருக்கிற மாதிரி காட்டும். முன்னூத்தம்பது கெஜம் இருக்கும்மா’ என்றான். அந்த வேலிக்கு நீ சொன்ன கணக்கும் அதேதான். மனம் இளகி இன்னொரு குவளை ஊற்றினேன். அப்போதுதான், ‘தம்பிக்குப் பாறைக்குள்ள ராத்திரி குளிராதாம்மா? மேலேருந்து தண்ணி சொட்டுமாமே’ என்றான். காப்பிப் பானையைக் கீழே வைத்தேன். எந்தப் பாறை என்றேன். ரொட்டியை மென்றுகொண்டே, ‘ஆளு ஒருத்தனைப் பட்டாளத்துல சேர்த்துவிட்டா லீவு தராங்கம்மா. லெமுவேல் குழந்தையைப் பாக்கணும்னு தவியாத் தவிக்கிறான். தம்பிய நான் கூட்டிட்டுப் போனா லெமுவேல் ஊருக்கு வந்துடுவான்’ என்றான். ஆசா டென்னசி மாநிலப் பக்கம் ஓடிவிட்டான் என்று கூசாமல் பொய் சொல்லி அனுப்பிவைத்தேன்.

அன்று முதல் எனக்கு ஒரு வாய் ரொட்டிகூட இறங்கவில்லை. நீ காய்ச்சலில் உளறியிருப்பாய், இல்லையென்றால் அவனே தன் லீவுக்காக உன் வாயைக் கிளறியிருப்பான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன். அவன் ஆள்பிடிக்கிறவனாகவே இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவனை அனுப்பியது நீதானா, மழுப்பாமல் பதில் எழுது. பிள்ளை முகம் பார்க்க நீ ஏங்குவது எனக்குத் தெரியாதா, நினைத்தால் எனக்கும் அழுகை வருகிறது, ஆனால் ஆசாவைக் கொடுத்து உன்னை வாங்கிக்கொள்ள என்னால் ஆகாது.

ஈரக் காலுறையோடு படுக்காதே, உனக்கு நெஞ்சில் சளி கட்டும். கர்த்தர் உன் தலைமேல் கைவைத்துக் காக்கட்டும், தினமும் உனக்காக முழங்காலில் நிற்கிறேன், அது மாறவில்லை. ஆசாவை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டேன். எந்த இடம் என்று உனக்கு எழுத மாட்டேன்.

உங்கள் இருவரையும் பெற்ற அம்மா,
கெசையா