மைக் இல்லாத கச்சேரி

அன்புள்ள ஜெயசீலி,

குவைத்தில் வெயில் எப்படி? இங்கே நம் பெர்சிஸின் முதல் வயலின் கச்சேரி நல்லபடியாக முடிந்தது. இளம் பிள்ளைகளை வீடுகளில் வாசிக்க வைக்கிற டிரஸ்ட்காரர்கள், விருதுநகரில் ஒரு வியாபாரி வீட்டுக் கூடத்தில் ஏற்பாடு செய்திருந்தார்கள். கொஞ்சம் பேர்தான், மைக் கிடையாது. என்னை முன்னால் உட்கார வைத்தார்கள்.

அவள் வில்லை இழுத்தாள், கண்ணை மூடினாள், வில்லை இறக்கினாள். நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. பக்கத்திலிருந்தவர் ஏதோ சொன்னார். மறுபடி சொல்லச் சொன்னேன். "பிள்ளை இப்பத்தானய்யா சுருதி சேக்குது," என்றார்.

பிறகு எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். எதற்கென்று எனக்குப் பிடிபடவேயில்லை. நம் கோயிலில் ஸ்பீக்கர் வைத்து வாசித்தபோது எனக்கு இப்படி இல்லை.

பைக்கில் ஆமத்தூர் தாண்டும்போது என் தோளில் சாய்ந்து சத்தமாகக் கேட்டாள்: "எது புடிச்சிருந்துச்சுப்பா?"

"நான் கைதட்டுனேன்லா, அதுதாம்மா."

வீடு வரும்வரை அழுதாள். ஏன் என்று நீயாவது கேட்டுச் சொல்.

கம்பெனியில் வெடி சோதிக்கிற வேலையை விட்டு பேக்கிங்குக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். விசேஷமாக ஒன்றுமில்லை.

இனிமேல் போன் வேண்டாம், நீயும் இப்படியே எழுது. அங்கே டவர் சரியில்லை போலிருக்கிறது. உன் குரல் வருவதே இல்லை.

இப்படிக்கு,
உன் பிள்ளையின் அப்பா