அம்மைத் தழும்பு குறித்துத் தென்கரைக்கு விடுத்த ஓலை

நீர் வற்றாதிருக்க, நெல் குறையாதிருக்க, பிள்ளைகளின் ஓசை தெருக்களில் ஓயாதிருக்க. நீலவாய் நாட்டை நெறி வழுவாது புரக்கும் அரசி பொன்னாவரைத் தேவியாரின் திருவாய்மொழிப்படி, ஓலைநாயகம் ஆற்றல்நம்பி, தென்கரைக் கூற்றத்துத் தலைவர் குறும்பொறைக் கிழாருக்கு வரைந்தது. தங்கள் கரையும் கலமும் குடியும் நலம் பெறுக.

அம்மைப்பால் வைத்த தழும்பு தோளில் இல்லாத பிள்ளை பள்ளியில் அமரலாகாது என்னும் விதி இதுவரை துறைமுகப் பட்டினத்துக்கு மட்டுமே இருந்தது. அதனை நாடெங்கும் விரிக்க அவை எண்ணியபோது, பள்ளிகள் வெறிச்சோடும் என்று தாங்கள் மறுப்போலை விடுத்தீர்கள். அதில் முதற் கைச்சாத்து இட்டவர் கொன்றைக்குடிப் பள்ளி ஆசான் மாநாகன். அவருக்கு நேர்ந்ததைத் தாங்கள் அறிதல் வேண்டும்.

பட்டினத்தில் அம்மை கண்டது என்ற செய்தி மாசியில் வந்த நாள்முதல் மாநாகனுக்குச் சோறு இறங்கவில்லை. நோயை எண்ணியும் அஞ்சினார். தோளைக் கீறி அம்மைப்பால் வைப்பதை எண்ணியும் அஞ்சினார். உப்பளத்தில் வேலை செய்யும் வள்ளை என்பவளிடம், அவள் மகள் தேமாவுக்கு அம்மைப்பால் வைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மூத்தவனுக்கு வச்சாங்க ஐயா. எட்டாம் நாள் காய்ச்சல்லயே போயிட்டான். இவளையும் நானே கொண்டுபோய்க் குடுக்கணுமா?" என்றாள் அவள்.

அவள் பொய் சொல்லவில்லை. நூறு பிள்ளைகளில் ஒன்றை அக்கீறல் கொண்டுபோவதுண்டு என்று அரண்மனை மருத்துவரும் ஒப்புகிறார். ஏழு வயதுத் தேமாவை ஆசான் வழக்கம்போல் முன்வரிசையில் அமர்த்திக்கொண்டார்.

அதற்குப் பதினோராம் நாள் காலை, அவள் விரலைப் பிடித்து மணலில் எழுத்தைச் சுழிக்கையில் அந்த விரல் கொதித்தது. காதோரம் கடுகளவில் ஒரு சிவப்பு. மாநாகன் கையை உதறி எழுந்தார். எழுந்த பிறகே, இருபத்து மூன்று பிள்ளைகளும் தம் முகத்தையே பார்ப்பதைக் கண்டார்.

பள்ளி அன்றே அடைபட்டது. அதன்பின் ஒவ்வொரு காலையும் அவர் வீடுவீடாகச் சென்று, உள்ளே நுழையாது, பிள்ளை எழுந்துவிட்டதா என்று கேட்டு நின்றார். பன்னிரண்டு நாள் எல்லா வாசலிலும் விடை வந்தது. பதின்மூன்றாம் நாள் ஒரு வீட்டில் எவரும் வெளியே வரவில்லை. அடுத்த நாள் அடுத்த வீடு.

பதினான்கு பிள்ளைகள் படுத்தனர், ஐவர் எழவில்லை. தேமா ஒரு கண்ணை இழந்து பிழைத்தாள். பட்டினத்திலிருந்து குடிவந்த பிள்ளைகள் நால்வர், தழும்புடையோர், அவளோடு ஒரே பாயில் அமர்ந்தவர்கள். அவர்கள் மேனியில் ஒரு கொப்புளமும் இல்லை.

மாநாகன் அவைக்கு நடந்தே வந்து, தம் கைச்சாத்தை ஓலையிலிருந்து சுரண்டிவிடுமாறு இரந்தார். பிறகு உடன்வந்த வள்ளை பேசினாள்.

"பயம் இன்னும் போகலீங்க தாயே. கீறுற கத்தியப் பாத்தா இப்பவும் ஓடிரலாம்னு தோணுது. ஆனா கீறாம விட்டதுல அஞ்சு வீட்டுப் புள்ள போச்சு. அவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

அந்தத் தாயை ஒருவரும் பழிக்கலாகாது என்று முதற்கண் விதித்தார் தேவியார்.

ஆகையால், வைகாசித் திங்கள் முதல் இவ்விதி நாட்டின் எல்லாப் பள்ளிக்கும் உரியது. ஆயினும் தழும்பில்லாப் பிள்ளையை வாசலில் நிறுத்தி விரட்டுவதற்கு இல்லை. மருத்துவர் பள்ளிக்கே வருவார். கீறப்பட்ட பிள்ளைகளைக் காய்ச்சல் தணியுமட்டும் தனி மனையில் வைத்து, அவர் உடனிருந்து காப்பார். மறுக்கும் தாயிடம் காவலர் செல்லலாகாது. மருத்துவர் சென்று, ஆபத்தையும் மறையாது எடுத்துரைக்க வேண்டும்.

தங்கள் அச்சம் இவ்வரண்மனைக்கும் உண்டு. தேவியாரின் ஒரே மகன், ஆறு வயது இளங்கோவின் தோளில் இன்று காலை கீறப்பட்டது. காய்ச்சல் எப்படி எழும், எப்படி இறங்கும் என்று இங்கே எவருக்கும் தெரியாது. தேவியார் அவன் அருகில் இருக்கிறார். அது தெரியுமட்டும் காத்திராமல் இவ்வோலையை அனுப்புக என்பது அவர் கட்டளை.

நாரை இலச்சினை பொறித்து விடுத்தோம். இதில் கண்டவாறே நிறைவேற்றுக.